புகை, எச்சில், தகடு

ஸ்ரீவைகுண்டம் பஜாரில் நின்றுகொண்டு 'பைப் எங்கே கிடைக்கும் அண்ணாச்சி?' என்று கேட்டால் பிளம்பிங் சாமான் கடைக்குத்தான் கை காட்டுவார்கள். நமக்குப் பைப் என்றால் தண்ணீர் வருவது. புகை வருகிற பைப்புக்குச் 'சுங்கான்' என்று ஒரு சொல் அகராதியில் இருக்கிறது. ருஷ்ய நாவல்களைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு அது பழக்கம்: வெளியே பனி கொட்டும், உள்ளே கிழவன் சுங்கானைப் பற்ற வைப்பான். தாமிரபரணிக் கரையில் அந்தச் சொல்லும் புழங்கவில்லை, பொருளும் புழங்கவில்லை. சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இன்னொரு பைப்பும் தெரியும். மக்ரித் 1929-இல் வரைந்து, கீழேயே 'இது பைப் அல்ல' என்று எழுதி வைத்தது. ஃபூக்கோ அதற்காக ஒரு சிறு நூலே எழுதினார். ஆக, ஒரு பைப்பைக் கையால் தொடும் முன்பே அது பைப் இல்லை என்று படித்துவிட்ட கூட்டம் நாம்.

வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். புகையிலை நம் பக்கம் வந்து ஏறக்குறைய நானூறு வருஷம் ஆகிறது. போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறையில் கால் ஊன்றியது 16-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில். 1658-இல் அவர்களைத் துரத்திவிட்டு டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். இடையிடையே இங்கிலீஷ்காரனிடம் பறிகொடுத்தும் திரும்பப் பெற்றும் 1825 வரை அங்கே இருந்தார்கள். அந்தக் காலத்து டச்சுக்காரனையும் களிமண் பைப்பையும் பிரிக்க முடியாது. கௌடா என்கிற ஊரில் வெள்ளைக் களிமண்ணில் லட்சக்கணக்கில் செய்து கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். அந்தத் தூத்துக்குடிக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவே மாட்டுவண்டியில் ஒரு நாள் பயணம். புகையிலை அந்த வழியில் உள்நாடு ஏறி வந்தது. பைப் கடற்கரையிலேயே நின்றுவிட்டது. ஏன்?

'ஏழை நாடு, பைப் வாங்க வழி இல்லை' என்று சட்டென்று ஒரு பதில் சொல்லலாம். அது நிற்காது. களிமண் பைப்தான் ஐரோப்பாவிலேயே மிக மலிவான பொருள். கூலிக்காரன் குடித்ததும் அதில்தான். மண்ணும் சூளையும் குயவரும் இல்லாத ஊரா நம் ஊர்? சாமியார்கள் கஞ்சா இழுக்கிற சிலும்பியைச் செய்துகொடுத்ததும் அதே கைகள்தான். செய்யத் தெரியாததால் அல்ல, வேண்டாம் என்றதால்தான் பைப் வரவில்லை. அந்த 'வேண்டாம்' எதிலிருந்து வந்தது என்பதே இந்தக் கட்டுரையின் விசாரணை.

முதலில் பைப் என்பது என்ன மாதிரிப் பொருள் என்று பார்க்க வேண்டும். அதன் தர்க்கம் முழுசாக வெளிப்பட்டது ரொம்பப் பிந்தி, 1930-களின் அமெரிக்காவில். 1936 வாக்கில் இரண்டு பேர் தனித்தனியாக உலோகத் தண்டு வைத்த பைப்பைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் பேராசிரியராக இருந்த கிர்ஸ்டன். மற்றவர் இண்டியானா மாநிலத்துக்காரரான கென்லி பக். அவருடைய பைப்பின் பெயர் ஃபால்கன். இரண்டிலும் உலோகம் அலுமினியம், அதாவது விமானத்தின் உலோகம். ஃபால்கன் அமைப்பு எளிமையானது. வெற்றுத் தண்டு ஒன்று; அதன் முனையில் ஒரு சின்னக் குழிவு; குழிவில் மரை. மத்தியதரைக் கடல் பக்கத்து பிரையர் என்னும் புதர்ச்செடியின் அடிக்கட்டையில் கடைந்த கிண்ணம் அந்த மரையில் திருகி உட்காரும். சூடான புகை கிண்ணத்தின் அடித்துளை வழியே இறங்கி, குளிர்ந்த உலோகத்தில் பட்டவுடன் அதிலுள்ள ஈரமும் தாரும் குழிவில் தங்கிவிடும். உலர்ந்த புகை வாய்க்கு வரும். கிண்ணத்தைத் திருகிக் கழற்றித் துடைத்துவிட்டு வேறொன்றைத் திருகலாம்.

இதில் கிண்ணம் மாற்றுவதுதான் விஷயம். மரப் பைப் ஒரு தடவை புகைத்தால் ஈரம் ஏறும், ஓய்வு கொடுக்க வேண்டும். ஆகவே உண்மையான பைப்காரன் கிழமைக்கு ஒன்றாக ஏழு வைத்திருப்பான் என்பார்கள். ஃபால்கன் வந்தபின் தண்டு ஒன்று போதும், கிண்ணத்தை மட்டும் சேர்த்துக்கொண்டே போகலாம். சிக்கனத்துக்கு என்று வந்த ஏற்பாடு சேகரிப்புக்கு வாசலைத் திறந்துவிட்டது. வட்டக் கிண்ணம், சாய்ந்த கிண்ணம், மெருகு போட்டது, சொரசொரப்பானது என்று வாங்கி அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 1950-களின் கடைசியிலிருந்து இங்கிலாந்தில் இதன் உற்பத்தி பெரிதாக நடந்தது. பழைய தண்டுகளையும் கிண்ணங்களையும் தேடிப்பிடித்துச் சேர்க்கிறவர்கள் இன்றைக்கும் உலகம் பூராவும் உண்டு. புகைப்பதை விட்டுவிட்டவர்களும் சேகரிப்பதை விடுவதில்லை. போத்ரியார் சொல்வது இதுதான்: பொருள் உபயோகத்திலிருந்து கழன்ற பிறகே சேகரிப்புக்குள் வருகிறது, கடைசியில் சேகரிப்பவன் சேகரிப்பது தன்னையேதான். பைப்பில் இது இன்னும் கொஞ்சம் சரீர சம்பந்தமானது. கிண்ணத்தின் உள்சுவரில் படிகிற கரித்தோல், பல் பட்டுத் தேய்ந்த வாய்முனை எல்லாம் அவனுடைய உடம்பின் பதிவுகள். எரிவது எரிந்து போகிறது, பாத்திரம் நிற்கிறது, பாத்திரத்தில் ஆள் நிற்கிறான்.

உலோகமும் மாற்றக்கூடிய உறுப்பும் அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். ஜப்பானியக் கிஸேருவில் கிண்ணமும் வாய்முனையும் உலோகம், நடுத்தண்டு மூங்கில். அங்கே அழுக்கேறுவது மூங்கில், ஆகவே மாறுவதும் மூங்கில்தான். தண்டு மாற்றித் தருகிறவன் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு வருவான், நம் ஊரில் ஈயம் பூசுகிறவன் வந்ததுபோல.

நமக்குக் கிட்டத்தில் உள்ளது உக்கா. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டில் காசிக்குப் போய் மடம் கண்டார் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிங்கத்தின் மேல் ஏறி பாதுஷாவின் சபைக்குப் போன கதையும் தெரியும். அவர் போன வடநாட்டில் அந்த நூற்றாண்டின் புதுச் சரக்கு புகையிலை. அக்பரின் சபைக்கு அது முதன்முதலில் வந்ததைக் கொண்டுவந்தவரே எழுதி வைத்திருக்கிறார். 1604 வாக்கில் அசத் பேக் என்கிற அதிகாரி பீஜப்பூரிலிருந்து திரும்பும்போது புகையிலையையும் அதைக் குடிக்க ஒரு கருவியையும் கொண்டுவந்தார். அந்தக் கருவியின் விவரம் ரசமானது: அச்சே என்கிற சுமத்திராத் துறைமுகத்துத் தண்டு, இரு முனையிலும் ரத்தினமும் எனாமலும்; யேமன் நாட்டுச் சிவப்புக்கல்லில் வாய்முனை; தங்கத்தில் நெருப்புக் கிண்ணம். மூன்று கடல்களின் பொருள்களை ஒன்றில் ஒன்று செருகிச் செய்த வஸ்து. வைத்தியர் தடுக்கத் தடுக்க அக்பர் இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தார் என்று கதை. அதே 1604-இல்தான் லண்டனில் முதலாம் ஜேம்ஸ் புகையிலையைத் திட்டி ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஜஹாங்கீர் 1617-இல் புகையிலையைத் தடைசெய்தார். ராஜாக்கள் திட்டத் திட்டத்தான் அது பரவியது.

உக்காவில் மேலே நெருப்பு வைக்கிற சில்லம் தனி, தண்ணீர்க் குடுவை தனி, குழாய் தனி. பீதரில் கறுத்த உலோகத்தில் வெள்ளி பதித்துச் செய்த குடுவைகள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. வசதியுள்ளவர்கள் தங்கள் சொந்த வாய்முனையை, வெள்ளியிலோ பச்சைக்கல்லிலோ, கூடவே எடுத்துப் போனார்கள். கூட்டத்தில் உக்கா சுற்றி வரும்போது தன் வாய்முனையைச் செருகி இழுத்துவிட்டுக் கழற்றிக்கொள்வார்கள். ஃபால்கனில் ஒருவனுடைய ஒரு தண்டுக்குப் பல கிண்ணம். உக்காவில் ஊருக்கு ஒரு கிண்ணம், ஆளுக்கு ஒரு வாய். அங்கே தனிமனிதன் தன்னுடைய ஏழு நாட்களைப் பிரித்து வைக்கிறான். இங்கே சமூகம் தன்னுடைய வாய்களைப் பிரித்து வைக்கிறது. வடக்கே சாதியிலிருந்து ஒருவனைத் தள்ளிவைப்பதற்கு 'உக்கா–பானி பந்த்' என்றே பெயர். புகையும் தண்ணீரும் நிறுத்தம் என்று பொருள். யாரோடு உக்கா பகிரலாம் என்பதுதான் யார் நம்மவன் என்பதன் அளவுகோல்.

இங்கேதான் நம் கேள்விக்கு விடை தொடங்குகிறது. தமிழ்நாட்டில் அந்த அளவுகோலுக்குப் பேர் எச்சில். வாய் பட்ட பாத்திரம் எச்சில் பாத்திரம். சொம்பைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக் குடிக்கிற வித்தையை நம் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பழகுகிறார்கள். பைப் என்ன? ஒரே வாயில் திரும்பத் திரும்ப வைக்கிற, கழுவினாலும் போகாத, எச்சில் ஊறிய பாத்திரம். உதட்டில் வைத்து உறிஞ்சிய சாமானைச் சட்டைப்பையிலும் மேஜையிலும் வைக்கிறான் வெள்ளைக்காரன். நம் ஆளுக்கு வயிற்றைப் புரட்டும். சிலும்பியை இழுக்கிற சாமியார்கூட உதடு படாமல் கையைக் குவித்து, நடுவே ஈரத்துணி வைத்துத்தான் இழுக்கிறார். குடும்பத்தைத் துறந்தவர் எச்சிலைத் துறக்கவில்லை.

இதற்கு மாற்றாக நம்மவர்கள் கண்டது இலை. சோற்றுக்கு வாழை இலை, பிரசாதத்துக்குத் தொன்னை. சாப்பிட்டதும் எறிந்துவிடலாம். புகைக்கும் அதே ஏற்பாடுதான்: புகையிலையைப் புகையிலையிலேயே சுருட்டி, பற்றவைத்து, தீர்ந்ததும் அடிக்கட்டையை எறி. சுருட்டு என்பது இலைச் சாப்பாடு. மூக்குப்பொடியைக்கூடக் காய்ந்த வாழைமட்டையில் மடித்துப் பொடிமட்டை என்றுதான் வைத்திருந்தார்கள். டப்பி பின்னால் வந்தது. வெற்றிலையும் இலைதான். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே கடைமடையில் ஆத்தூர்க் கொடிக்கால்கள். அந்த வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காலங்காலமாக இருந்த வெற்றிலை–பாக்கு–சுண்ணாம்புக் கூட்டணியில் நாலாவதாகப் புகையிலை வந்து சேர்ந்துகொண்டது. பேச்சு வழக்கில் போயிலை. 'வெத்தலை போடுதேன்' என்றால் போயிலையும் சேர்த்துத்தான்.

லெவி-ஸ்ட்ராஸ் தேனையும் புகையிலையையும் எதிரெதிராக வைத்து ஒரு முழுத் தொகுதி எழுதினார். தேன் சமையலுக்கு இந்தப் பக்கம், புகையிலை சமையலுக்கு அந்தப் பக்கம். எரிந்து சாம்பலானால்தான் நுகரலாம் என்பது அவர் வாதம். தென்னமெரிக்கப் புராணங்களுக்கு அது பொருந்தலாம். நம் ஊரில் புகையிலை எரியாமலே வாய்க்குள் போனது, அதுவும் சாப்பாட்டின் கடைசி உருப்படியாக. சமையலுக்கு அந்தப் பக்கம் போகவில்லை, சமையலின் வாலில் ஒட்டிக்கொண்டது.

உலோகம் நம் ஆட்களுக்கு ஆகாது என்றும் இல்லை. பித்தளை வெற்றிலைச் செல்லம், கிளி முகமும் யாளி முகமும் வைத்த பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், பல் போன பெரியவர்களுக்கு இடித்துக் கொடுக்கச் சின்ன உரல். தாமிரபரணிக் கரைப் பண்ணையார் வீடுகளில் பார்த்துப் பார்த்துச் செய்த சாமான்கள். பழம்பொருள் வியாபாரிகள் இப்போது ஆசையாய் வாங்கிப் போவதும் இவற்றைத்தான். ஆனால் கவனியுங்கள், இவற்றில் ஒன்றுகூட வாயில் படுவதில்லை. வாயிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளக் காளாஞ்சி என்று ஒன்று உண்டு, படிக்கம் என்றும் சொல்வார்கள். அதை ஏந்தி நிற்பதற்கு ஓர் ஆளும் உண்டு. பெரிய மனிதனின் எச்சிலுக்குப் பித்தளைப் பாத்திரமும் ஒரு வேலைக்காரனும். பேஷ்வா ஆட்சியில் பூனாவில் தீண்டத்தகாதவர்கள் தங்கள் எச்சில் தரையில் விழாதபடி கழுத்தில் மண்சட்டி கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936-இல் சாதி ஒழிப்பு நூலில் எழுதினார். பித்தளைக் காளாஞ்சியையும் அந்த மண்சட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எச்சில் ஒன்றுதான். ஒருவனுக்கு அது மரியாதை, இன்னொருவனுக்குத் தண்டனை.

ஒரு மறுப்பு உடனே வரும்: எச்சிலும் தீட்டும் வடக்கேயும் உண்டே, அங்கே உக்கா வேர் பிடித்ததே? உண்மை. அங்கே சாதிக்குச் சாதி தனி உக்கா வைத்துத் தீட்டைச் சமாளித்தார்கள். அதாவது பாத்திரத்தைப் பெருக்கினார்கள். இங்கே பாத்திரத்தையே ஒழித்தார்கள். இரண்டும் ஒரே அச்சத்தின் இரண்டு தீர்வுகள். ஏன் இந்தப் பிரிவு என்பதற்கு மண்ணும் காரணம் என்று நினைக்கிறேன். சுருட்டுக்கு ஏற்ற இலை திண்டுக்கல் பக்கம் விளைந்தது, மெல்லுவதற்கு ஏற்றது வேதாரண்யத்தில் விளைந்தது, கடலுக்கு அந்தப் புறம் யாழ்ப்பாணத்தில் இரண்டும் விளைந்தது. இலையே கையில் இருக்கும்போது பாத்திரம் எதற்கு?

இன்னொன்றும் இருக்கிறது. பைப்பை மறைக்க முடியாது. பீடியை மறைக்கலாம், உள்ளங்கைக்குள் மடக்கலாம், காதில் செருகலாம். பெரியவர் வந்தால், பண்ணையார் வந்தால், துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிய காலத்தில் பீடியும் கைக்குள் இறங்கியது. வாயில் பைப்போடு நிற்பவன் யாருக்கும் அஞ்சாதவன் என்று அர்த்தம். நம் சினிமா இதைச் சரியாகப் புரிந்துகொண்டது: மாடிப்படி, பட்டு கவுன், பைப், 'கெட் அவுட்'. நிஜத்தில் அப்படி ஒரு பணக்காரனை ஸ்ரீவைகுண்டம் தாலுகாவில் தேடினால் கிடைக்க மாட்டான். ஆனால் திரையில் பைப்பைப் பார்த்தவுடனே பெண்ணின் காதலை எதிர்க்கப்போகிற அப்பா இவர்தான் என்று தரை டிக்கெட்டுக்குத் தெரிந்துவிடும்.

வெள்ளைக்காரன் மட்டும் நம்மிடம் ஒன்றும் எடுக்கவில்லையா? எடுத்தான். 18-ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவிலும் சென்னையிலும் உக்காவுக்கென்றே ஒரு வேலையாளை வைத்துக்கொண்டு புகைத்த கம்பெனி துரைகள், 19-ஆம் நூற்றாண்டு நடுவில் அதைக் கைவிட்டுச் சுருட்டுக்கு வந்தார்கள். 'சுருட்டு' என்ற தமிழ்ச் சொல்லே 'செரூட்' ஆகி ஆங்கிலத்துக்குள் போனது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு உலகச் சந்தைக்குப் போனது; சென்னை ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. கானன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த சாம்பலை வைத்தே கொலைகாரன் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு பிடிக்கிறவன் என்று துப்பறிவாளர் கண்டுபிடித்துவிடுவார். ஹோம்ஸ் யார்? பைப்காரர். பைப் பிடிக்கிறவர் சுருட்டின் சாம்பலைப் படிக்கிறார். காலனியத்தின் அறிவு முறை முழுக்க இந்தக் காட்சிக்குள் அடங்கும். சாம்பலிலிருந்து ஆளைப் பிடிக்கிற கலையைப் போலீஸ் செய்தது, வரலாறு செய்யவில்லை.

ஏனென்றால் வரலாறு மிச்சத்தை நம்புகிற தொழில். ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, ஆற்றின் தென்கரையில் ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜாகர் என்ற ஜெர்மானியர் வந்து பரம்பைத் தோண்டி, தாழிகளையும் இரும்பையும் வெண்கலத்தையும் பெர்லினுக்கு எடுத்துப் போனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மூடியின் மேல் எருமையும் மானும் பறவையும் நிற்கிற அந்த வெண்கலச் சாமான்கள் இல்லாவிட்டால் அந்த ஜனங்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? 2023-இல் குழியின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, நடந்துகொண்டே குனிந்து பார்க்க வழி செய்திருக்கிறார்கள். உலோகமும் சுட்ட மண்ணும் பேசுகின்றன. இலையில் சாப்பிட்டவன், இலையில் புகைத்தவன் பேசுவதில்லை. லண்டனில் தேம்ஸ் கரைச் சேற்றில் களிமண் பைப் துண்டுகள் இன்றும் கிடைக்கின்றன. கிண்ணத்தின் அளவையும் சாய்வையும் வைத்து எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுகிறார்கள். கூலிக்காரனின் புகைக்குக்கூட அங்கே காலவரிசை உண்டு. நம் ஊர்க் கூலிக்காரனின் நானூறு வருஷப் புகைக்கு அப்படி ஒரு கீற்றும் இல்லை. தீண்டாமை தெருவையும் கிணற்றையும் பிரித்ததைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டோம். அது நம் தொல்பொருளையும் குறைத்தது என்று இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புகையிலை விடு தூது என்று ஒரு சிறு பிரபந்தம் உண்டு. சீனிச்சர்க்கரைப் புலவர் பாடியது, உ.வே.சா. பதிப்பித்தது. அதில் வருகிற கதை: மூன்று தெய்வங்களிடமும் ஆளுக்கோர் இலை கொடுத்து வைத்தார்கள். மறுநாள் சபையில் கேட்டால் சிவனுடைய வில்வமும் திருமாலின் துளசியும் வெள்ளத்தோடு போய்விட்டன. பிரமனிடம் கொடுத்த இலை மட்டும் போகவில்லை. 'போகையிலை'; அதுவே புகையிலை. நம் ஊர்ப் போயிலை அந்தச் சிலேடைக்கு இன்னும் கிட்டத்தில் நிற்கிறது. புலவரின் குறும்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா இலையிலும் தடயமே இல்லாமல் போவது அந்த இலைதான்.

இத்தனைக்கும் பிறகு பீடிக்கு வர வேண்டும். பீடி நம் ஊர்ச் சரக்கு அல்ல. குஜராத்திலும் மத்திய இந்தியாவிலும் உருவாகி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருந்தொழிலானது. சிகரெட் அந்நியச் சரக்கு என்று ஒதுக்கப்பட்ட சுதேசி, ஒத்துழையாமைக் காலங்களில் அதற்கு ஒரு கௌரவமும் வந்தது. உறைகிற இலை கருங்காலி இனத்து மரத்தின் இலை. மத்தியப் பிரதேசம், ஒரிஸாக் காடுகளில் ஆதிவாசிகள் பறித்துக் கட்டி அனுப்புவது. தூள் குஜராத்திலிருந்தும் கர்நாடகத்தின் நிப்பாணிப் பக்கமிருந்தும் வரும். இரண்டும் விளையாத தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்கு இந்தத் தொழில் வந்ததற்கு ஒரே காரணம் விரல்கள், மலிவான விரல்கள். ஆற்றின் மேல்பகுதியில் முக்கூடல். சொக்கனோடு லாலையும் ராம் சேட்டையும் ஒட்டவைத்த சொக்கலால் ராம்சேட் பீடி அந்த ஊர்ச் சரக்கு. பேரிலேயே வடக்கின் வாசனை. மேலப்பாளையத்தில் தறி படுத்தபோது அந்த வீடுகளுக்குள் பீடித்தட்டு வந்தது. ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம், கடையநல்லூர் என்று மானாவாரி ஊர்களெல்லாம் சுற்ற ஆரம்பித்தன. நஞ்சையும் வாழையுமான ஸ்ரீவைகுண்டம் பக்கம் சுற்றுவது குறைவு, குடிப்பது சளைத்ததில்லை. மேல்பகுதியில் சுற்றியது கீழ்ப்பகுதிப் பெட்டிக்கடைகளில் எரிந்தது.

அந்தப் பெட்டிக்கடைத் தூணில் ஒரு கயிறு தொங்கும். தேங்காய்நார்க் கயிறு, முனையில் கனல். வருகிறவனெல்லாம் அதில் பற்றவைத்துக்கொண்டு போவான். வாய் தனித்தனி, பீடி தனித்தனி, நெருப்பு மட்டும் பொது. நெருப்புக்குத் தீட்டில்லை என்று ஒரு பேச்சு உண்டு. எனவே உக்காவின் சபை நம் ஊரில் கயிற்றின் முனையில் கூடியது என்று சொல்லத் தோன்றுகிறது. ரொம்பவும் சந்தோஷப்பட வேண்டாம். அதே கடைக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் இரண்டு டம்ளர் இருந்த காலம் அது. பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் வந்தது. கயிறு கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து, சில கடைகளில் நூலில் கட்டிய லைட்டராகிவிட்டது.

இப்போது உலோகத்துக்குத் திரும்புவோம். பைப்பில் உலோகம் குடிக்கிறவன் கையில் இருக்கிறது. பீடியில் குடிக்கிறவன் கையில் ஒன்றும் இல்லை. உலோகம் முழுக்கச் சுற்றுகிறவள் மடியில்: ஒரு கத்தரிக்கோல், முனை மடக்க ஒரு சின்னக் கத்தி, இலை வெட்ட ஒரு தகடு. நனைத்து வைத்த இலையின் மேல் அந்தச் செவ்வகத் தகட்டை அழுத்திப் பிடித்து, ஓரத்தோடு கத்தரியை ஓட்டி, நரம்பு பார்த்துத் திருப்பி வெட்ட வேண்டும். ஆயிரம் பீடிக்கு ஆயிரம் வெட்டு. வெட்டிய இலையில் தூளைப் பரப்பி உருட்டி, நூல் சுற்றி, தலையை மடக்கி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டிக் கடைக்குப் போனால், அங்கே கணக்கப்பிள்ளை கட்டைப் பிரித்துப் பார்த்துக் கழிவு என்று ஒதுக்குவதற்குக் கூலி கிடையாது. 'ஏட்டி, இது என்ன சுத்து, இடுப்பே இல்லையே' என்பார். பீடி சுற்றத் தெரிந்த பெண்ணா என்று கேட்டுப் பெண் எடுத்த காலம் இருந்தது. கூடவே கேட்டது பாஸ் புத்தகத்தை.

பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966-இல் வந்தது. கேரளத்துக் கண்ணூரில் பெரிய கம்பெனி ஒன்று அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட மனமில்லாமல் கடையைக் கட்டியபோது, வேலையிழந்தவர்களைக் கொண்டு 1969-இல் தினேஷ் பீடி கூட்டுறவு தொடங்கியது. கண்ணூரில் சுற்றியவர்கள் ஆண்கள், பெரிய கூடங்களில் வரிசையாக உட்கார்ந்து. ஒருவன் பத்திரிகையை உரக்க வாசிப்பான், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள், வாசிக்கிறவனின் பங்கைச் சேர்த்துச் சுற்றிக் கொடுப்பார்கள். அந்தக் கூடங்களிலிருந்து அரசியல் பிறந்தது, எழுத்தும் பிறந்தது. நம் பக்கம் சுற்றியவர்கள் பெண்கள், அவரவர் வீட்டுத் திண்ணையில், உள்வீட்டில். தட்டு மடியில், பிள்ளை தோளில், உலை அடுப்பில். சட்டத்தின் கண்ணுக்கு அது தொழிற்கூடமா வீடா என்பதே பெரிய வழக்கு. 1976-இல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. முக்கூடலில் அவர்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரியும் வந்தது. தூள் ஏறிய நெஞ்சுக்கும் கூன் விழுந்த முதுகுக்கும் அங்கே சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். வாசிக்க ஆளில்லாத திண்ணைகளில் என்ன பேசினார்கள் என்பது எங்கும் பதிவாகவில்லை.

பைப் சேகரிப்பவன் கிண்ணத்தின் கரித்தோலைப் பார்த்து முந்தைய சொந்தக்காரனைப் பற்றி ஊகிக்கிறான். தகட்டிலும் அதேபோலப் பார்க்க இருக்கிறது. கட்டைவிரல் அழுந்துகிற இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். கத்தரி உரசி உரசி ஓரம் கூராகியிருக்கும். தகட்டின் அளவு கம்பெனி சொல்வது, தேய்மானம் அவளுடையது. முப்பது நாற்பது வருஷம் ஒரே தகட்டில் வெட்டியவர்கள் இருக்கிறார்கள். பீடி எரிந்துபோனது, குடித்தவன் போனான், இலை போனது. இந்த விரற்கடை அளவு இரும்பு மட்டும் போகவில்லை.

கண் மங்கிச் சுற்ற முடியாமல் போனபின் தட்டு விறகுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடக்கும். தகடு கொஞ்ச நாள் தேங்காய் சுரண்டவும் தோசைக்கல்லைச் சுரண்டவும் ஆகும். பிறகு தெருவில் சைக்கிள்காரன் 'பழைய இரும்பு, தகரம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு வரும்போது மருமகள் அதையும் ஓட்டை வாளியோடு சேர்த்துப் போடுவாள். அவன் கையில் தூக்கிப் பார்த்து, 'இது எடையில நிக்காது மதினி' என்று சொல்லிச் சாக்கில் போட்டுக்கொள்வான்.